அரியர் இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும்... மாணவருக்கு எப்போது தெரியும்? கல்லூரி போர்ட்டல்களில் என்னதான் சிக்கல்?

கல்லூரியில் படிக்கும் யாராவது ஒருவரின் போனை வாங்கிப் பாருங்கள். உதவித்தொகைக்கு யுஎம்ஐஎஸ், திறன் பயிற்சிக்கு நான் முதல்வன், ஆன்லைன் படிப்புக்கு ஸ்வயம், கிரெடிட் சேமிக்க டிஜிலாக்கரில் ஏபிசி, வருகைப் பதிவுக்கு கல்லூரியின் ஆப், ரிசல்ட்டுக்கு பல்கலைக்கழக இணையதளம். இது போக கிளாஸ் ரெப் நடத்தும் வாட்ஸ்அப் குரூப். ஆளுக்கு ஆறு லாகின், ஆறு பாஸ்வேர்டு. அதில் மூன்று மறந்து போயிருக்கும்.

இத்தனை இருந்தும், "நான் டிகிரி முடிக்க இன்னும் என்ன பாக்கி?" என்ற சாதாரணக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஸ்கிரீன் பெரும்பாலான மாணவர்களின் கையில் இல்லை. தகவல் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. மாணவருக்குத்தான் கடைசியாகத் தெரியவருகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம்? எனக்கு ஒரு வருஷம் போனது.

ஒரு 'ஏஏஏ' செய்த வேலை

நான் பி.ஏ. தமிழ். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முதலாண்டில் சுற்றுச்சூழல் கல்வி என்று 2 கிரெடிட்டுக்கு ஒரு பேப்பர். தேர்வு நேரத்தில் அம்மை போட்டுப் படுத்துவிட்டேன். ரிசல்ட்டில் அந்த இடத்தில் 'ஏஏஏ' என்று வந்தது. ஆப்சென்ட் என்று அர்த்தம். "அது பார்ட் ஃபோர்தானே, பர்சன்டேஜ்ல சேராது, விடு" என்றார்கள் தோழிகள். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த செமஸ்டரில் ரிசல்ட் பார்த்தேன். எல்லாம் பாஸ். அதற்கடுத்ததும் பாஸ். இணையதளத்தில் அந்தந்த செமஸ்டர் எழுதிய பேப்பர் மட்டும்தான் வரும். எழுதாமல் விட்டது வராது. ஆக, ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன் முழுக்க பாஸ், பாஸ், பாஸ்.

இறுதியாண்டு முடிந்து எம்.ஏ. சேர புரவிஷனல் சர்டிபிகேட் வாங்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உனக்கு இவிஎஸ் நிக்குதே, பாக்கலையா?"

"அந்த ரெண்டு கிரெடிட் பேப்பரா சார்?"

"ரெண்டோ நாலோ, 140 வரணும்ல."

தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். எனக்கு 138. நவம்பர் தேர்வில் எழுதினேன், பாஸ் ஆனேன். அதற்குள் எம்.ஏ. அட்மிஷன் முடிந்துவிட்டது. தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய். போனது ஒரு வருஷம். அந்த வருஷம் ஒரு செராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வரும் கல்லூரிப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டை எல்லாம் கண்ணில் பட்டவுடன் கிரெடிட் கூட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

தவறு என்னுடையதும்தான், மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒரு தட்டில் தெரிந்த விஷயம், மூன்று வருஷமாக என் போனுக்கு ஏன் வரவில்லை? இந்தக் கட்டுரையின் கேள்வி அவ்வளவுதான்.

முதலில், இந்த பார்ட் கணக்கு என்ன?

கலை அறிவியல் கல்லூரியில் படிக்காதவர்களுக்காக. பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டு ஆங்கிலம். மூன்றுதான் மேஜர், அலைடு எல்லாம். நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, மேஜர் அல்லாத விருப்பப் பாடம் போன்றவை வரும். ஐந்து, என்எஸ்எஸ், என்சிசி மாதிரி விரிவாக்கப் பணி. நான்கும் ஐந்தும் பொதுவாக வகுப்பு நிர்ணயிக்கும் சதவீதத்தில் சேராது. ஆனால் அவை இல்லாமல் பட்டமும் கிடையாது. "சேராது" என்ற பாதி காதில் விழும், "கிடையாது" என்ற பாதி விழாது.

இன்ஜினியரிங் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷன், 2021 ரெகுலேஷன் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும். பழைய ரெகுலேஷனில் அரியர் வைத்தவர், தன் பேப்பருக்கு இணையான பேப்பர் எது, அது எப்போது நடக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பார். சீனியர்களின் வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான் பல நேரம் வழிகாட்டி.

அரியர் நம்ம ஊரில் சினிமா காமெடிக்கும் மீமுக்கும் பயன்படும் சொல். 2020 ஆகஸ்ட்டில், கொரோனா காலத்தில், கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வுகள் எழுதத் தேவையில்லை என்று அரசு அறிவித்தபோது என்ன கொண்டாட்டம் நடந்தது, என்னென்ன பேனர் வைத்தார்கள் என்று ஞாபகம் இருக்கும். சிரித்தோம். அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இப்படி மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போது பெரிதாக யாரும் பேசவில்லை.

இருக்கும் போர்ட்டல்கள் என்ன செய்கின்றன?

குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக்குள் மாணவர்களைக் கொண்டுவருவதில் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வுப்படி, 2021-22-ல் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு கல்லூரி வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கின. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ஆக, உள்ளே வருகிறார்கள், கையில் கருவியும் வருகிறது. உள்ளே வந்தவர் சரியாக முடித்து வெளியே போகிறாரா என்பதுதான் அடுத்த கட்டம்.

யுஎம்ஐஎஸ்: பள்ளிக்கு இஎம்ஐஎஸ் போல கல்லூரிக்கு இது. மாணவரின் பெயர், சமூகம், வங்கிக் கணக்கு, படிக்கும் பிரிவு எல்லாம் இதில் இருக்கும். உதவித்தொகை சரியான ஆளுக்குப் போக இது அவசியம். ஆனால் இது மாணவரைப் பற்றி அரசு தெரிந்துகொள்ளும் இடம். மாணவர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் இடமாக இது கட்டப்படவில்லை.

ஏபிசி: கிரெடிட் வங்கி. 2021 ஜூலையில் தொடங்கியது. வங்கியில் பணம் போடுவது மாதிரி, முடித்த பாடத்தின் கிரெடிட் இந்தக் கணக்கில் ஏறும். 7 ஆண்டு வரை செல்லும். தேசியக் கல்விக் கொள்கையை தமிழ்நாடு ஏற்கவில்லை என்றாலும், ஏபிசி ஐடி எடுத்து அனுப்பச் சொல்லி இங்கும் கல்லூரிகளில் இருந்து மெசேஜ் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஐடி எடுப்பது மாணவர் வேலை, கிரெடிட் ஏற்றுவது கல்வி நிறுவனத்தின் வேலை. இரண்டாவது நடக்கவில்லை என்றால் பாஸ்புக் இருக்கும், பேலன்ஸ் இருக்காது.

நான் முதல்வன்: 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. வேலைக்கான திறன் படிப்புகள், பாடத்திட்டத்தோடு இணைத்து நடக்கின்றன. நோக்கம் நல்லது. அதற்குத் தனி லாகின், தனித் தேதிகள்.

ஸ்வயம், என்பிடெல்: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும்.

இலவசப் படிப்பு, தவறவிடும் தேதி

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல், இன்று இந்தியாவின் பெரிய ஆன்லைன் வகுப்பறைகளில் ஒன்று. ஒருங்கிணைப்பு சென்னை ஐஐடி. 2017-ல் வந்த ஸ்வயம் தளத்தின் கீழ் இந்தப் படிப்புகள் நடக்கின்றன. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படித்து கிரெடிட் பெறலாம் என்று யுஜிசி 2021-ல் விதியைத் திருத்தியது. அதற்கு முன் 20 சதவீதம்.

கிராமத்துக் கல்லூரி மாணவர் ஐஐடி பேராசிரியரிடம் இலவசமாகப் படிக்கலாம். உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள்.

படிப்பில் சேர்வது இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து 1,000 ரூபாய் கட்ட வேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி. "நான்தான் கோர்ஸ்ல சேந்துட்டேனே" என்று நினைத்து அந்தத் தேதியைக் கோட்டை விடுபவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அடுத்து மார்க். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பொதுவாக 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட் கணக்கில் வரும். அசைன்மென்ட்டில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். ஒருவர் ஐந்து வாரம் விட்டுவிட்டால் அவரிடம் இருப்பது 7 அசைன்மென்ட்தான். எட்டாவது இடம் பூஜ்யம். ஆறாவது வாரமே "இதுவரை மூன்று விட்டிருக்கிறீர்கள், இன்னும் ஒன்றுதான் விடலாம்" என்று ஒரு வரி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? கணக்கு போடக் கம்ப்யூட்டரே தேவையில்லை, விரல் போதும். ஆனால் அந்த வரி வருவதில்லை. "இந்த வார அசைன்மென்ட் வெளியிடப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில் வரும். எல்லாருக்கும் ஒரே மெயில். அது ப்ரமோஷன் டேபில் போய் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் முடிந்து சான்றிதழும் வாங்கிய பிறகு, கல்லூரி அந்தப் படிப்பை கிரெடிட்டுக்கு ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி. சேரும் பக்கத்தில் அதைக் கேட்கச் சொல்லிப் பளிச்சென்று ஒரு எச்சரிக்கை இருந்தால் பல பேர் தப்பிப்பார்கள்.

வருகைப் பதிவும் இதே கதை. ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீதம் வேண்டும் என்றால் 22 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். முதல் 40 நாளில் ஒருவர் 15 நாள் வரவில்லை என்றால், மீதி 50 நாளில் அவருக்கு இருப்பது 7 நாள். கல்லூரி ஆப் என்ன காட்டும்? '62.5%' என்று சிவப்பில் காட்டும். அதைப் பார்த்து மாணவர் பயப்படலாம், அல்லது ஆப்பை மூடலாம். 'இன்னும் 7 நாள்' என்று காட்டினால் திட்டமிடலாம். அறுவடைக்கு ஊருக்குப் போக வேண்டிய பையன், இரவில் டெலிவரி வேலை பார்க்கும் பையன், அந்த 7 நாளை எங்கே செலவழிப்பது என்று யோசிப்பான். ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் பெயரை போர்டில் ஒட்டினால், அது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வேறு எங்கேயாவது சரியாகச் செய்திருக்கிறார்களா?

உலகம் முழுக்க அதிகம் பேசப்படும் உதாரணம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் இடம் இல்லை. கறுப்பின மாணவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வருபவர்கள் அதிகம். 2003 நிலவரப்படி, அங்கே சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர்கள் 32 சதவீதம் மட்டுமே.

2012-ல் ஒரு எச்சரிக்கை அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பழைய மாணவர்களின் மதிப்பெண் பதிவுகளை அலசி, எந்த இடத்தில் சறுக்கியவர்கள் பிறகு படிப்பையே விட்டார்கள் என்று பார்த்தார்கள். 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகள் கிடைத்தன. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாணவரின் பதிவையும் அந்த அறிகுறிகளோடு கம்ப்யூட்டர் ஒப்பிடும்.

அப்போது தெரியவந்த ஒன்று சுவாரஸ்யமானது. அரசியல் அறிவியல் மேஜர் எடுத்தவர்களில், முதல் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கியவர்கள் நான்கில் மூன்று பேர் பட்டம் முடித்தார்கள். சி வாங்கியவர்களில் நான்கில் ஒருவர்தான் முடித்தார். சி என்பது பாஸ். அதனால் அதுவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நம்ம ஊரில் ஜஸ்ட் பாஸ் ஆனவரிடம் "பாஸ் ஆயிட்டல்ல, விடு" என்று சொல்வோமே, அதேதான்.

ஆனால் கதையின் முக்கியமான பகுதி சாஃப்ட்வேர் அல்ல. அதோடு சேர்த்து 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். 700 மாணவருக்கு ஒருவர் என்ற நிலையில் இருந்து 300 மாணவருக்கு ஒருவர் என்ற நிலைக்கு வந்தார்கள். எச்சரிக்கை வந்தால் அடுத்த சில நாட்களில் ஒரு மனிதர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவார். கட்டணத்தில் சில நூறு டாலர் குறைவதால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலே சிறு தொகையைக் கணக்கில் போட்டார்கள். 2016-ல் சேர்க்கைக் காலச் சந்தேகங்களுக்கு போனில் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றும் வந்தது. பட்டம் முடிப்பவர்களின் விகிதம் அந்தப் பத்து பதினைந்து ஆண்டுகளில் சுமார் 54 சதவீதத்துக்கு உயர்ந்தது. எல்லாப் புகழும் கம்ப்யூட்டருக்கே என்று சொல்ல முடியாது. பல வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள்.

இதே முறையை ஜார்ஜியா ஸ்டேட் உட்பட 11 பல்கலைக்கழகங்களில், சுமார் 10,000 மாணவர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். ஜார்ஜியா ஸ்டேட்டில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. 11-ஐயும் சேர்த்துப் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. சாஃப்ட்வேர் வாங்கலாம், பழக்கத்தை வாங்க முடியாது போல.

விற்க வருபவர்கள் சொல்லும் கணக்கு

இன்னொரு கதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்லூரிக்கு யாராவது ஆப் விற்க வந்தால் பயன்படும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கோர்ஸ் சிக்னல்ஸ் என்று ஒன்று இருந்தது. டிராஃபிக் லைட் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். இந்த விளக்கு உள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ படித்தவர்கள் படிப்பைத் தொடரும் வாய்ப்பு 21 சதவீதம் அதிகம் என்றார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்டது.

2013-ல் சிலர் அந்தக் கணக்கைக் கிளறினார்கள். கல்லூரியில் நீடித்து இருப்பவர்தானே அதிகப் பாடம் எடுப்பார்? அதிகப் பாடம் எடுப்பவர்தானே அதிக விளக்கைப் பார்ப்பார்? முதல் செமஸ்டரிலேயே போனவருக்கு இரண்டாவது விளக்கு எங்கிருந்து வரும்? விளக்கைப் பார்த்ததால் நீடித்தார்களா, நீடித்ததால் விளக்கைப் பார்த்தார்களா என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை.

"எங்கள் ஆப் பயன்படுத்தியவர்கள் 90 சதவீதம் பாஸ்" என்று யாராவது சொன்னால், ஆப்பைத் திறக்கும் மாணவர் ஏற்கெனவே படிக்கிற மாணவராக இருப்பாரே என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

உதவி செய்ய எடுத்த தகவல், துரத்தப் பயன்பட்டால்?

இங்கேதான் நிஜமான பயம் இருக்கிறது.

2016-ல் அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில் உள்ள மவுன்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு விவகாரம் வெடித்தது. முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் என்றார்கள். தடுமாறக்கூடிய மாணவர்களை அதை வைத்து அடையாளம் கண்டு, மாணவர் எண்ணிக்கையைக் கணக்குக் காட்டும் தேதிக்கு முன்பே வெளியே அனுப்புவதுதான் தலைவரின் திட்டம். இருப்பவர்களின் சதவீதம் பேப்பரில் அழகாகத் தெரியும் அல்லவா? மாணவர் பத்திரிகைதான் இதை அம்பலப்படுத்தியது. அடுத்த மாதமே தலைவர் பதவி விலகினார்.

2021-ல் தி மார்க்கப் என்ற செய்தித் தளம் இன்னொன்றை வெளியே கொண்டுவந்தது. பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ஒரு கணிப்பு சாஃப்ட்வேரில், மாணவரின் இனமும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கறுப்பின மாணவர்களை 'ஆபத்தில் இருப்பவர்' என்று அது வெள்ளையின மாணவர்களைவிட அதிகமாக, சில இடங்களில் நான்கு மடங்கு வரை, முத்திரை குத்தியது.

நம்ம ஊருக்கு வருவோம். மாணவர் பதிவில் சமூகம் இருக்கிறது, அரசுப் பள்ளியா என்பது இருக்கிறது, தமிழ் வழியா என்பது இருக்கிறது, முதல் பட்டதாரியா என்பதும் இருக்கிறது. உதவித்தொகை தர இவை தேவை. நாளைக்கு ஒரு கம்பெனி வந்து இதையெல்லாம் ஒரு கணிப்பு மெஷினில் போட்டு, 'இவர் முடிக்க வாய்ப்பு குறைவு' என்று ஆசிரியரின் ஸ்கிரீனில் சிவப்புப் புள்ளி வைத்தால்? சேர்ந்த முதல் நாளே, ஒரு தேர்வுகூட எழுதும் முன், ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி இருந்தால், ஆசிரியர் அவளை எப்படிப் பார்ப்பார்?

என் கருத்து இதுதான். எச்சரிக்கைக்கு, மாணவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எடுத்தால் போதும். எத்தனை நாள் வந்தார், எந்த பேப்பர் விட்டார், எந்த அசைன்மென்ட் கொடுக்கவில்லை. அவர் யார் என்பது தேவையில்லை. இன்னொன்று, அந்த எச்சரிக்கை முதலில் மாணவரின் போனுக்கு வர வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. எந்தக் காரணத்துக்குத் தகவல் வாங்கினோமோ அதற்கே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

சாட்ஜிபிடி கிட்டயே கேட்டுக்கலாமே?

கேட்கலாம், கேட்கிறார்கள். 2025-ல் கூகுள், ஓபன்ஏஐ இரண்டுமே இந்தியாவில் கட்டணச் சேவைகளை ஓராண்டு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கின. பாடத்தைப் புரிந்துகொள்ள, தமிழில் விளக்கம் கேட்க உதவும். ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறையோ, உங்கள் 'ஏஏஏ'-வோ அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசும். அதுதான் ஆபத்து.

சரி, இங்கே என்ன மாற்றலாம்?

புதிதாக ஏழாவது போர்ட்டல் வேண்டாம். தயவுசெய்து.

முதல் வேலை, 'பட்டத்துக்கு என்ன பாக்கி' என்று காட்டும் ஒரு பக்கம். வெளிநாட்டுக் கல்லூரிகளில் இது பல ஆண்டுகளாக இருக்கிறது. 140-ல் எத்தனை முடிந்தது, எந்தப் பார்ட்டில் எது நிற்கிறது, அடுத்து எப்போது எழுதலாம். இங்கே செய்வதில் சிரமம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி, தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனித்தனிப் பாடத்திட்டம், ரெகுலேஷன் வேறு மாறும். அந்த விதிகளை எல்லாம் பிடிஎஃப்-ல் இருந்து எடுத்து கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுத வேண்டும். அலுப்பான வேலை. ரிப்பன் வெட்டும் விழா வைக்க முடியாத வேலை. ஆனால் அலுவலகத்தில் ஒரு தட்டில் என் 138 வந்ததே, அப்படியென்றால் கணக்கு ஏற்கெனவே எங்கோ இருக்கிறது. ஸ்கிரீனை மாணவர் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மொழியும் வழியும். ஹாஸ்டல் வைஃபையை நம்பி ஆப் கட்டுவதைவிட, தமிழில் ஒரு எஸ்எம்எஸ் மேல். பல வீடுகளில் பதிவில் இருப்பது அப்பாவின் எண். அதில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், ஓடிபி வராது. எண்ணை மாற்ற மாணவரே எளிதாகச் செய்யும் வழி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல எச்சரிக்கையும் யாரும் எடுக்காத போனில்தான் அடிக்கும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. எச்சரிக்கை வந்த பிறகு யார் பேசுவது?

பேப்பரில் இதற்கு ஆள் இருக்கிறார். மென்டர். எத்தனை மாணவருக்கு ஒரு மென்டர் என்று நாக் மதிப்பீட்டிலேயே கேட்கிறார்கள். அந்த நோட்டு எந்த வாரத்தில் அவசர அவசரமாக நிரப்பப்படும் என்று படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பாதி வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் ஓடுகிற துறைகள் உண்டு. மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாத நிலை. அவரிடம் 60 மாணவர்களின் சிவப்பு எச்சரிக்கைகளைக் கொடுத்து, "கூப்பிட்டுப் பேசுங்க சார்" என்றால் அவர் என்ன செய்வார்? நல்லவர் என்பதால் பேசுவார். அதை அவர் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும், ஊதியத்திலும் தெரிய வேண்டும். 42 பேரை வேலைக்கு எடுத்த பிறகுதான் அட்லாண்டாவில் சாஃப்ட்வேர் வேலை செய்தது என்பதை டெண்டர் விடுபவர்கள் மறந்துவிடக் கூடாது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது

நல்ல ஸ்கிரீன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதுவரை வந்த செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாவற்றையும் எடுங்கள். ரிசல்ட் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் போதாது, மார்க் ஷீட் வேண்டும். பக்கத்தில் உங்கள் சேர்க்கை ஆண்டின் சிலபஸில் இருக்கும் கிரெடிட் பட்டியலை வையுங்கள். வேறு ஆண்டு சிலபஸ் வேண்டாம், கணக்கு மாறும். முடித்த பேப்பரை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பார்ட் நான்கு, ஐந்தை முதலில் பாருங்கள். என்எஸ்எஸ் போயிருந்தால் அதற்கான கிரெடிட் மார்க் ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முகாமுக்குப் போனதும் கிரெடிட் ஏறியதும் ஒன்றல்ல.

டிஜிலாக்கரில் ஏபிசி கணக்கைத் திறந்து, ஐடி மட்டும் இருக்கிறதா, கிரெடிட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் இன்ஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் கல்லூரிப் பதிவில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள். என்பிடெல் சேர்ந்திருந்தால், தேர்வுப் பதிவின் கடைசித் தேதியை போன் காலண்டரில் போடுங்கள், இரண்டு நாள் முன்னதாக அலாரத்தோடு.

ஏதாவது நிற்கிறது என்று தெரிந்தால், நேராகத் தேர்வுப் பிரிவுக்குப் போங்கள். நவம்பர் தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும்போது அரியருக்கும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். இறுதியாண்டு ஏப்ரலில் தெரிந்தால் அடுத்த நவம்பர்தான். கூச்சப்பட்டு நண்பரை அனுப்பாதீர்கள். நீங்களே போய், ரெஜிஸ்டர் நம்பரைச் சொல்லி, "எனக்கு மொத்தம் எத்தனை கிரெடிட் ஏறியிருக்கு சார்?" என்று கேளுங்கள். ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும்.